தக்காளி அப்பா

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். அழைப்பு மணியின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். உள்ளே டிவிக்கு வேட்டி போர்த்தியிருப்பார்கள். இதெல்லாம் பழைய ரக அப்பாக்களின் ஏற்பாடு. எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்காரர் புது ரகம். பிள்ளையைப் படி படி என்று விரட்டவே மாட்டார். ஓய்வெடு ஓய்வெடு என்று விரட்டுவார்.

இவரும் ஒரு காலத்தில் பழைய ரகம்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தபோது, ஆலோசகர் ஒருவர் வந்து, படிப்பு எவ்வளவு முக்கியமோ ஓய்வும் அவ்வளவு முக்கியம் என்று பேசி, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போய்விட்டார், இவரிடம் மாட்டிக்கொண்டது பையன்.

அன்றிரவே செல்போனில் துழாவி 'பொமோடோரோ'வைப் பிடித்துவிட்டார். பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற இத்தாலிக்காரர், 1980களின் கடைசியில், கல்லூரியில் படிப்பு ஓடாமல் தவித்தபோது தக்காளி உருவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படித்தாராம். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீளமான ஓய்வு.

"பொமோ... என்னங்க அது, மாத்திரையா?" என்று கேட்டிருக்கிறார் வீட்டம்மா.

"இத்தாலியில தக்காளிக்கு அதாம்மா பேரு."

"இதுக்கு எதுக்கு இத்தாலிக்குப் போறீங்க? கூடையிலதான் கிடக்குதே."

மறுநாள் ஆபீஸ் பிரிண்டரில் அட்டவணை தயாராகி, பிரிட்ஜ் கதவில் ஹயக்ரீவர் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. நானே பார்த்தேன். 6.00–6.25 இயற்பியல். 6.25–6.30 மகிழ்ச்சி. 6.30–6.55 வேதியியல். 6.55–7.00 மகிழ்ச்சி. நாலாவது சுற்றுக்குப் பிறகு பச்சை மையில் 'பெரிய மகிழ்ச்சி – 20 நிமிடம்'. ஒருநாள் பெரிய மகிழ்ச்சிக்கு ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார். "சார், பையன்கிட்ட கொஞ்சம் ஜாலியா பேசிட்டிருங்க. எட்டு பதினஞ்சு வரைக்கும்." எனக்குப் பேச்சே வரவில்லை. பையன்தான் பாவம், "அங்கிள், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று என்னை ஆசுவாசப்படுத்தினான்.

சின்ன மகிழ்ச்சி பெரும்பாலும் மொட்டைமாடியில் நடக்கும். காய்ந்த துணியை எடுக்கப் போனால் தண்ணீர்த் தொட்டியோரம் பையன் நிற்பான். பக்கத்தில் அப்பா, கையில் ஸ்டாப்வாட்ச் ஓடும் செல்போனோடு.

"நல்லா மூச்சை இழுத்து விடு. வானத்தைப் பாரு."

பார்த்தான்.

"சும்மா பாருடா. எண்ணாத. எண்ணினா அது கணக்கு."

"நான் எண்ணலப்பா."

"மூணு நிமிஷம் ஆயிடுச்சு. இன்னும் நீ ரிலாக்ஸ் ஆகலையே! மூஞ்சி அப்படியே இருக்கு."

"என் மூஞ்சியே இதான்ப்பா."

இவருக்கு ஒரு விஷயம்தான் கடைசிவரை பிடிபடவில்லை. இவர் காலத்தில் பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண். 2019 மார்ச்சிலிருந்து 600தான். "பாதியாக் குறைச்சிட்டாங்க சார். டென்ஷனும் பாதிதானே இருக்கணும்?" என்று லிப்டில் என்னிடம் கேட்டார். மூன்றாவது மாடி வந்துவிட்டதால் தப்பித்தேன்.

தூக்கத்தில்தான் மூளை படித்ததைப் பதித்துக்கொள்கிறது என்று அடுத்து எங்கோ படித்துவிட்டார். உண்மைதான். ஆனால் உண்மையெல்லாம் எல்லார் கையிலும் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. அன்றிலிருந்து ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் கதவை நூலளவு திறந்து, பையன் தூங்குவதை எட்டிப் பார்க்கிறார். "இன்னிக்கு கரிம வேதியியல் படிச்சான். பதியுதோ என்னமோ" என்று இருட்டில் முணுமுணுக்கிறாராம். பையன் புரண்டு படுத்தால் இவருக்கு ஒரு பாடம் போனமாதிரி.

பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது 104க்கே போன் போட்டுவிட்டார். தேர்வு நேரத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அரசு உதவி எண். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்க வந்த வீட்டம்மா சொல்லித்தான் எனக்கு மொத்தமும் தெரியும்.

"பையனுக்குத் தூக்கம் வரலீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார் மறுமுனையில் இருந்த பெண்.

"நல்லாத் தூங்குறான்மா."

"சாப்பிடுறாரா?"

"நல்லாச் சாப்பிடுறான்."

"அப்ப என்ன சார் பிரச்சினை?"

"பத்தரைக்குத் தூக்கம்னு போட்டிருக்கேன். இன்னிக்குப் பத்து மணிக்கே தூங்கிட்டான்மா."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு மெதுவாகக் கேட்டாராம்: "சார், இப்ப மணி ரெண்டே கால். நீங்க எப்பத் தூங்குவீங்க?"

இவர் செல்போன் வெளிச்சத்தில் பிரிட்ஜ் கதவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"அதுல என் பேரு இல்லையேம்மா."