ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்

கேள்வி: என் 1999 மாடல் போர்ஷே பாக்ஸ்டரில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்றும்போதே வண்டியின் வேகத்தையும் கூட்டிவிடலாமா?

பதில்: தாராளமாக! ஆனால் வேகத்துக்கு முன் ஆயுளைக் கூட்டுங்கள். கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போதுதான் இன்ஜினின் இடைத்தண்டு பேரிங்கைக் கை எட்டும். அது உடைந்தால் இன்ஜினே பாழ். அதையும், கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீலையும் இப்போதே மாற்றுங்கள். கழற்றும் கூலி ஒருமுறையோடு போகும். எடை குறைந்த ஃப்ளைவீல் ஆசையா? அதற்கும் இதுவே முகூர்த்தம். இன்ஜின் சட்டெனச் சுழலும். நியூட்ரலில் கடகடப்பு கூடும், அதற்குத் தயாராக இருங்கள். ஷாக் அப்சார்பர், பிரேக் பேட் தேயும்போது தரம் கூடியதாகப் போடுங்கள். குதிரைத்திறன் கடைசியில் வரட்டும். நன்றாக நிற்கத் தெரிந்த வண்டிக்கே வேகமாக ஓடும் தகுதி உண்டு.