சோழவரத்தில் காணாமற்போன கார்கள்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

தண்டையார்பேட்டையில் அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளை இருக்கும் வீட்டில் பழைய ஆல்பத்தைப் புரட்டினால், காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அகப்பட வாய்ப்புண்டு. கீழ்ப்பாதி முழுக்கத் தரை, மேற்பாதி முழுக்க வானம். இரண்டுக்கும் நடுவில், எதிர்ச்சாரியில், கடுகு சிந்தினாற்போல ஒரு கூட்டம். வலது ஓரத்தில் யாரோ ஒருவருடைய தோள். அந்தத் தோளில் உட்கார்ந்திருக்கும் பையனின் ஒற்றைக் கால், செருப்பில்லாமல். கூட்டத்தில் அத்தனை தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கின்றன.

"இன்னா பெரிப்பா இது?"

"சோய்வரம் ரேஸு."

"காரு எங்க?"

"இப்பத்தான் பூட்ச்சு."

நாற்பது வருஷமாக அந்தக் கார் இப்போதுதான் போயிருக்கிறது. அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காரைப் படம் பிடிக்கப் போனவர்கள் காரில்லாத படத்தோடு திரும்பியது ஏன்? திரும்பியவர்கள் அதைக் கிழித்துப் போடாமல் நான்கு மூலையும் ஒட்டி வைத்தது ஏன்?

தொல்காப்பிய நெறிப்படி முதலில் நிலமும் பொழுதும். நிலம்: செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம், 'டி' எழுத்தின் வடிவில். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தரை தங்கிவிட்டது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தரையைப் பந்தயக்களம் ஆக்கியது. பொழுது: ஆண்டின் முற்பகுதி, நண்பகல், நிழலென்று சொல்ல ஒன்றுமில்லாத வெயில். கருப்பொருள்: பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கயிறு, வேர்க்கடலை. உரிப்பொருள்: காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். இலக்கணப்படி இது முல்லை. மண்ணைப் பார்த்தால் பாலை. திணை மயக்கம் என்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

தண்டையார்பேட்டைக்காரர்களுக்குச் சோழவரம் வெளியூரே அல்ல. மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் என்று போனால் வந்துவிடும். அதோடு வண்டி இவர்கள் வீட்டுச் சமாசாரம். பக்கத்துத் திருவொற்றியூரில் 1950-களின் நடுவிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்; எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி அசோக் லேலண்ட் ஆன லாரி. வாரம் முழுக்க வண்டிக்குப் போல்ட் முடுக்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த ஜாதி என்ன வேகம் போகும் என்று பார்க்கப் போனார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் கேமரா இருந்தது. கேடு அங்கேதான் தொடங்கியது.

இனி வகைப்பாடு. இத்துறையில் எமக்கு வழிகாட்டும் நூல் நன்னூல். செய்யுள் விகாரம் ஒன்பது என்று அது சொல்கிறது. புலவர்கள் ஓசைக்காகச் சொல்லைச் சிதைக்கும் வகைகள் அவை. சோழவரப் படங்களோ வேகத்துக்காகக் காரைச் சிதைப்பவை; விதிகள் அப்படியே பொருந்துகின்றன. பானெட் படத்துக்கு வெளியே போய்விட்டு மிச்சம் விழுந்திருந்தால் முதற்குறை. டிக்கி விழாவிட்டால் கடைக்குறை. நடுவில் முன்வரிசைக்காரரின் தலை மறைத்து இரு முனையும் தெரிந்தால் இடைக்குறை. இந்த மூன்றாவது வகை, முன்வரிசைக்காரர் தலைப்பாகை கட்டியிருந்தால் முழுமை பெறும். ஷட்டர் மெதுவாக இருந்து கார் இழுபட்டுப் போயிருந்தால் நீட்டல். தூரத்தில் நின்று எடுத்துக் கார் எறும்பளவில் விழுந்திருந்தால் குறுக்கல்.

உரையாசிரியர்களின் உத்திகளும் கைகொடுக்கின்றன. அடுத்தடுத்து ஒட்டிய இரு படங்கள். ஒன்றில் ஒரு முன்பக்கம், மற்றதில் ஒரு பின்பக்கம். நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் கொண்டுகூட்டி ஒரே காராக்கிப் பொருள் சொல்லியிருப்பார். உற்றுப் பார்த்தால் முன்பக்கம் பியட், பின்பக்கம் ஹெரால்டு. உரைமரபில் இதெல்லாம் நடப்பதுதான்.

எச்சம்கூட இல்லாத படங்களைக் காலத்தால் பிரிக்க வேண்டும். கார் போன பின் எடுத்தது இறந்தகாலப் படம். வரும் என்று நம்பி முன்பே அழுத்தியது எதிர்காலப் படம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை அறியக் கூட்டத்தின் தலைகளைப் பார்க்க வேண்டும், அவை வந்த திசையில் இருக்கின்றனவா போன திசையில் இருக்கின்றனவா என்று. நிகழ்காலப் படம் அரிது.

அரிதானதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33 மீட்டர் சொச்சம். கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். அதற்குள் கார் ஆறரை மீட்டர் தாண்டிவிடும். பியட்டின் நீளமோ நான்கு மீட்டருக்குள். ஆகவே, காரைக் கண்டபின் அழுத்தியவருக்குக் கிடைத்தது கார் இருந்த இடம். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து அதே தரையில் ஓட்டியபோது இந்தக் கணக்கு எந்த அளவுக்கு மோசமாகியிருக்கும் என்பதை வாசகரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கருவியும் ஒத்துழைக்கவில்லை. அன்று பலர் வீட்டில் இருந்தது அக்ஃபா கிளிக் திரீ. ஒரு சுருளுக்கு 12 படம். ஷட்டர் ஏறத்தாழ நொடியில் முப்பதில் ஒரு பங்கு, அதை மாற்றவும் முடியாது. முப்பதில் ஒரு நொடியில் நம் பியட் ஒரு மீட்டருக்கு மேல் நகர்கிறது. நான்கு மீட்டர் கார் படத்தில் ஐந்து மீட்டராகிவிடும். 35 மில்லிமீட்டர் கேமரா வைத்திருந்தவர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளில் 36 படம் வரும். ஆனால் 36-ம் ரேஸுக்குப் போய்விட்டால் வீட்டில் பூகம்பம். பத்துப் பன்னிரண்டு சோழவரத்துக்கு, மீதி மச்சினன் கல்யாணத்துக்கு. அதனால்தான் சில நெகட்டிவ்களில் வெறும் தரைக்கு அடுத்த கட்டத்தில் தாலி கட்டுகிறார்கள்.

இப்போது எம் கருதுகோள். மேற்சொன்ன குறைகள் எவையும் குறைகளே அல்ல. துல்லியமான படமே தோல்வி.

சான்று காட்டுகிறோம். பென்டாக்ஸ் கே ஆயிரம் போன்ற கேமராவில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்து அழுத்தினால் கார் நகர்வது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். சக்கரத்தின் நட்டுகளை எண்ணலாம், டயரில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஆனால் கார் நிற்கிறது. ஓட்டுநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு யாருக்கோ காத்திருப்பதுபோல் இருக்கிறது. இதே பியட், மஞ்சள் கூரையோடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை டாக்ஸி ஸ்டாண்டில் அன்றெல்லாம் நாள் முழுக்க நின்றது. அதைப் படம் பிடிக்கச் சோழவரத்துக்கு எதற்குப் போக வேண்டும்? பெரியப்பாவின் காரில்லாத படத்திலோ, ஒரு மைதானமே கழுத்தைத் திருப்பியிருக்கிறது. வேகம் அந்தக் கழுத்துகளில் இருக்கிறது.

இக்கருத்துக்குப் பிரான்சிலிருந்து ஒரு சாட்சி உண்டு. முதல் உலகப் போருக்கு முன், ஷாக் ஆன்ரி லார்த்தீக் என்ற இளைஞர் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஒரு காரைப் படம் பிடித்தார். காரின் முன்பாதி படத்தில் இல்லை; நன்னூலார் பார்த்தால் முதற்குறை என்பார். பின்சக்கரம் முட்டைபோல் நீண்டு முன்னோக்கிச் சாய்கிறது; ஓரத்தில் நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். காரணம் எளிது. அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு மெல்லிய பிளவு. அது படச்சட்டத்தின் குறுக்கே நகர்ந்து பட்டை பட்டையாக ஒளியை விடுகிறது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் கார் கொஞ்சம் முன்னேறிவிட்டது. லார்த்தீக் கேமராவைக் காரோடு திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்பவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் நின்றவர்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள். பிழையென்று ஓரங்கட்டப்பட்ட அந்தப் படம், 1963-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு உலகப் புகழ் பெற்றது. பிரெஞ்சுக்காரர் தவறவிட்டால் கலை, தண்டையார்பேட்டைக்காரர் தவறவிட்டால் ஃபிலிம் தண்டம். இதை ஆய்வுலகம் விசாரிக்க வேண்டும்.

மறுப்பவர் ஒன்று கேட்பார்: கேமராவைக் காரோடு சேர்த்துச் சரியாகத் திருப்பினால் கார் தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் விழுமே? உண்மைதான். அறுபதில் ஒரு நொடி வைத்து, கால் அசையாமல், இடுப்பிலிருந்து திரும்பி, அழுத்திய பிறகும் திருப்பலை நிறுத்தாமல் இருந்தால் விழும். வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களுக்கு இடுப்புத் திருப்பம் கைவந்த கலை. அவர்கள் கையில் கேமரா கொடுக்கப்படவில்லை. மற்றவர்களுக்கு வாய்த்த பயிற்சியோ நேர்மாறு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தினமும் பார்த்து வளரும் வாகனம், துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர். டிரைவர் இறங்கி, ஸ்டவ் பற்றவைத்து, சோறு வடித்து, தின்று, தூங்கி எழுந்தாலும் அது அங்கேயேதான் நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணை ஒரேயடியாக 120 கிலோமீட்டருக்குத் தாவச் சொல்வது நியாயமில்லை.

விவரம் தெரிந்தவர்கள் ஓடுதளத்தின் நடுவில் நிற்காமல் கார் பிரேக் பிடித்துத் திரும்பும் முனைக்குப் போனார்கள். அங்கே வேகம் குறையும், முன்பக்கம் அழுந்தும், படமும் சிக்கும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வந்தபோது இந்த வசதி பெருகியது: 3.717 கிலோமீட்டரில் 12 வளைவுகள். கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய பார்முலா மாருதி கார்களில் அடுத்த தலைமுறை ஓட்டப் பழகியது. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போக ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். வண்டி செய்யும் புகை எங்களுக்கு, வண்டி ஓடும் அழகு அந்தப் பக்கத்துக்கு.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் பந்தயம் மறுபடி பக்கத்தில் வந்தது. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன இரவுப் பந்தயம், தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். எல்லார் கையிலும் போன். விளைவு? தடத்துக்கும் சனத்துக்கும் நடுவில் கம்பிவலை. போனின் தானியங்கி ஃபோகஸ் எதிரில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும் ஜாதி. கம்பி அச்சடித்தாற்போல் விழுந்தது, அதற்குப் பின்னால் ஒரு வெளிச்சக் கீற்று. கீற்று விழாத சிலருக்குச் சாய்ந்த சக்கரம் கிடைத்தது. போன் சென்சாரும் காட்சியை வரிவரியாகத்தான் வாசிக்கிறது. லார்த்தீக்கின் பிளவு இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. நூறு வருஷத் தொழில்நுட்பம் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்திருப்பதை எம் கருதுகோளுக்கு வலுவான ஆதாரமாகக் கொள்கிறோம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் சோழவரப் படம் இருந்தால், கார் இல்லையென்று எறிந்துவிடாதீர்கள். கடற்காற்று படும் ஊர் இது; கண்ணாடிச் சட்டத்தில் நேரடியாக ஒட்டி மாட்டிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பிறகு பிரித்தால் உரியும். நெகட்டிவ்களைக் காகித உறையில் போட்டு வையுங்கள். எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்து, எந்த வருஷம், எந்தக் கார், தோளில் இருந்த பையன் யார் என்று கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை அடுத்த படத்தில் ஏறும். மெத்தென்ற பென்சிலே போதும்.