ஏழு பேருக்கு நாலு ஸ்பீக்கர்

எங்கள் இன்னோவாவின் பின்கதவு ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டி நெடுநாளாகிவிட்டது. செய்தி வாசித்தால் தேவலை. தவில் வந்தால் 'கர்ர்' என்று உறுமும். தவில் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உறுமும். மாற்றிவிடலாம் என்றேன். குடும்பம் முழுக்க ஒரே குரலில் சரி என்றது. அதற்குப் பிறகு எதிலும் ஒரே குரல் இல்லை.

குவாலிஸை நிறுத்திவிட்டு டொயோட்டா 2005-இல் இந்த வண்டியை இந்தியாவில் இறக்கியதிலிருந்து, நம்மூரில் ஏழு பேர் சேர்ந்து காதுகுத்துக்கோ பழநிக்கோ கிளம்பினால் வாசலில் நிற்பது பெரும்பாலும் இதுதான். ஏழு பேர் என்றால் ஏழு ரசனை. அப்பாவுக்கு நாகஸ்வரத்தின் மூச்சு கேட்க வேண்டும். மகனுக்கு முதுகுத்தண்டு அதிர வேண்டும். மனைவிக்கு மேப் அக்கா 'இடப்புறம் திரும்பவும்' என்று சொல்வது திருப்பத்துக்கு முன்னாலேயே கேட்டால் போதும். அம்மாவும் மாமியாரும் எந்தச் சத்தத்தையும் தாண்டிப் பேசிக்கொள்ளும் திறமை படைத்தவர்கள். மகள் காதில் சொந்த ஹெட்போன் மாட்டியபடி எல்லாருக்கும் ஆலோசனை சொன்னாள்.

சென்னையில் காருக்கு எதை மாட்ட வேண்டுமானாலும் போகிற இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வண்டியின் வேகம் குறைந்தாலே போதும், பார்க்கிங் காட்டுகிற சாக்கில் ஒரு பையன் உங்களைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவான். நாங்கள் போன கடையில் சுவர் முழுக்க ஸ்பீக்கர். பட்டனைத் தட்டினால் ஒவ்வொன்றாகப் பாடும். எது அதிகம் கத்துகிறதோ அதுதான் நல்லது என்று தோன்றும்; சுவரின் நோக்கமே அதுதான்.

டப்பாவில் '350 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் கீழே பொடியாக 'ஆர்.எம்.எஸ். 50'. விடாமல் தாங்கக்கூடியது அந்த ஐம்பதைத்தான். முந்நூற்றைம்பது என்பது கண்ணிமைக்கும் நேரக் கணக்கு. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர்களில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டார்களே, அதே வம்சம். இத்தனைக்கும் முகப்பில் '50 வாட்ஸ் x 4' என்று போட்டுக்கொள்ளும் கார் ஸ்டீரியோ சானலுக்கு விடாமல் தருவது சுமார் இருபது வாட்ஸ்தான். அதனால் நான் சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்று கேட்டேன். 89 டெசிபல் ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே போட்டுவிடும்.

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார். பேஸ் அடிக்குது பாருங்க" என்றார் கடைக்காரர். மகன் பார்த்தான். மயங்கினான்.

கடைசியில் முன்கதவுகளுக்கு 6.5 இஞ்ச் காம்பொனன்ட். இதில் ட்வீட்டர் தனியாக வரும், டேஷ்போர்டு பக்கம் மாட்டலாம். இல்லையென்றால் பாடகர் உங்கள் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து பாடுவார். பின்கதவுகளுக்கு ட்வீட்டர் நடுவிலேயே இருக்கும் கோஆக்சியல், விலை பாதி. "பின்னாடி உக்கார்றவன் மனுஷன் இல்லையா?" என்றார் அப்பா. பேடர் என்று ஒன்று இருக்கிறது, வேண்டும்போது சத்தத்தைப் பின்னால் தள்ளலாம் என்று விளக்கினேன். அந்த பட்டன் யார் கைக்கு எட்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிட்டர் பையன் கதவு பேடைக் கழற்றினான். கிளிப்புகள் டப் டப்பென்று விட, கதவின் அடியில் புதையல். கண்ணாடி இடுக்கு வழியாக விழுந்த ஹேர்பின், சீப்புத் துண்டு, ஃபாஸ்டேக் வருவதற்கு முந்தைய காலத்து டோல்கேட் ரசீதுகள். மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறுவதுதான் ஏற்பாடு. அந்த ஓட்டைகளை ரசீதுகளும் சேறும் அடைத்திருந்தன. ஊறி ஊறிப் பழைய ஸ்பீக்கரின் காகிதக் கோன் விளிம்பு பிய்ந்து தொங்கியது. தவிலின்மேல் பழிபோட்டது தப்பு.

புது ஸ்பீக்கரின் காந்தம் பெரியது. கண்ணாடியை முழுக்க இறக்கி, இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்பேசர் வளையம் வைத்து மாட்டினான். டேம்பிங் ஷீட் ஒட்டச் சொன்னேன். அது இல்லாத கதவு வெறும் தகர டின். காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் ஸ்பீக்கரில் பிடிக்கட்டும், இந்த ஷீட்டில் வேண்டாம். ரோலரால் அழுத்தி ஒட்டி முடித்ததும் கதவைச் சாத்தினால் 'டம்' என்று ஜெர்மன் கார் மாதிரி ஒரு பொய்ச் சத்தம். அம்மா நாலு முறை சாத்திப் பார்த்தார்.

ஒரு டார்ச் செல்லை எடுத்து ஒவ்வொரு ஜோடி ஒயரிலும் ஒரு நொடி வைத்துப் பார்த்தான் பையன். கோன் வெளியே துள்ளினால் பிளஸ் மைனஸ் சரி. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் தினமும் நடப்பதுதான்.

அடுத்த ஞாயிறு காஞ்சிபுரம். ஸ்ரீபெரும்புதூர் வரை நாகஸ்வரம் மூச்சு விட்டது, மகனின் முதுகும் அதிர்ந்தது. திடீரென்று பாட்டு நின்று போன் மணி. மனைவியின் அத்தை. புளூடூத்தில், நாலு கதவிலிருந்தும் பளிங்கு போலக் குரல்: "ஏண்டி, உங்கம்மாவும் வர்றாளா? வந்தா சாமி பாக்க மாட்டா, என் வீட்டு பீரோவைத்தான் பாப்பா."

மனைவி பாய்ந்து சத்தத்தைக் குறைத்தாள்.

"மாப்பிள்ளே," என்றார் மாமியார் பின்னாலிருந்து, "அந்த பேடரை இந்தப் பக்கம் தள்ளுங்க."