கேள்வியும் உங்களுடையது, குப்பையும் உங்களுடையது

மடிப்பாக்கம் வாசகி: எங்கள் அடுக்குமாடியில் குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லையே?

லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருப்பீர்கள். அதைப் படிப்பவர், லிஃப்ட் பாதியில் நின்று மாட்டிக்கொண்டவர் மட்டும்தான். 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்குவது, மக்காதது, பேட்டரி மாதிரி ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. விதியைக் காட்டி யார் திருந்தினார்கள்? காலையில் குப்பை வண்டி வரும் நேரத்தில் நாலு பேரைக் கீழே கூட்டிக்கொண்டு போங்கள். சாம்பார் சொட்டும் பையை அவிழ்த்து, கையுறை கிழிந்த விரலால் தூய்மைப் பணியாளர் பிளேடைத் தேடி எடுப்பதைப் பார்க்கட்டும். எங்கள் குடியிருப்பில் மூன்று கூட்டம் போட்டு நடக்காதது அப்படித்தான் நடந்தது.

திருச்சி வாசகர்: மஞ்சப்பையோடு கடைக்குப் போனால், "ஊரிலிருந்து எப்ப வந்தீங்க?" என்கிறார்கள்!

"இப்பத்தான்" என்று சொல்லிவிட்டுக் காய் வாங்குங்கள். மஞ்சப்பைக்காரன் என்று கேலி பேசிய ஊரில்தான் 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் நாணயம் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பத்துக் கல்யாணத்தின் தாம்பூலப் பைகள் தொங்கும்போது, பதினோராவது பை எதற்கு?

மதுரை வாசகி: கணவர் ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிறார்.

கம்பளியை ஒளித்துவையுங்கள். தானாக 24-க்கு வருவார்.

கோவை வாசகர்: ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

அதில் உப்பு அதிகம். தினமும் ஊற்றினால் துளசி கோபித்துக்கொள்ளும். வீடு துடைக்க, கழிவறைக்கு, தாராளமாக.

தாம்பரம் வாசகர்: 2003-லேயே மழைநீர்த் தொட்டி கட்டியாயிற்று. இருந்தும் கோடையில் போர் காற்றுதான் வாங்குகிறது. திட்டமே ஏமாற்றா?

கட்டியது 2003. மூடியைக் கடைசியாகத் திறந்தது எப்போது? சட்டத்துக்குப் பயந்து கட்டியவர்கள் நாம். பயம் தெளிந்ததும் மேலே பூந்தொட்டியை வைத்துவிட்டோம். உள்ளே ஜல்லியெல்லாம் சேறு பிடித்துக் கிடந்தால் தண்ணீர் எப்படி இறங்கும்? கணக்குப் போடுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. பாதி வீணானாலும் அறுபதாயிரம் லிட்டருக்குக் குறையாது. 2019 கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு நாம் எத்தனை பேருக்குப் போன் போட்டோம் என்பது மறந்தா போயிற்று?

புரட்டாசி முடிவதற்குள் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடுங்கள். மாடியைப் பெருக்குங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அந்தச் சேற்று ஜல்லியை இரண்டு நாள் வாசலிலேயே குவித்து வையுங்கள். எதிர்வீட்டுக்காரர் என்னவென்று கேட்காமல் போகமாட்டார்.

கேட்டால், கையோடு அவர் வீட்டுத் தொட்டி மூடியையும் திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.