ஜேர்மன் பூச்சியண்ணை

நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிப் புத்தூருக்கு வந்திறங்குபவர்களில் இவர் தனி ரகம். கோயிலுக்குப் போகமுன் வேலிக்குப் போவார். கிளுவை, பூவரசு என்று ஒவ்வொரு கொப்பாய் விலக்கித் தலையை உள்ளே விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் எல்லைப் பிரச்சினையாக்கும் என்று காணி உறுதியைத் தேடத் தொடங்குவார்.

அண்ணை தேடுவது கும்பிடுபூச்சி. சும்மா பச்சை இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வயலின் பூச்சி. மெலிந்து நீண்ட கழுத்து, கால்களில் காய்ந்த மடல்கள், மொத்தத்தில் ஒரு சருகு. 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த சருகு. ஐரோப்பாவில் இதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அண்ணையும் அப்படித்தான்.

அதற்குப் பகலில் 35 பாகைச் சூடாவது வேண்டும். ஆகவே மார்கழிப் பனியிலும் விளக்கெரித்து, கரண்ட் காசு கட்டி, பெட்டிக்குள் ஒரு புத்தூர் வெயிலை வைத்திருக்கிறார். அசல் புத்தூருக்கு வந்ததும் முதல் கேள்வி: "இன்னும் ஏசி பூட்டேல்லையோ?"

சாப்பாட்டிலும் கிராக்கி. ஊர்கிற இரையைப் பெரும்பாலும் தொடாது, பறக்கிறது வேண்டும். இலையான் கூடுகளைத் தபாலில் எடுப்பித்து, பொரிக்க வைத்துக் கொடுக்கிறார். ஊரிலுள்ள மாமிக்கு நம்ப முடியவில்லை.

"எடேய் தம்பி, இலையானையுமோ காசு குடுத்து வாங்கிறாய்? மாட்டுக்கொட்டிலுக்கை வா, வேணுமெண்ட மட்டும் அள்ளிக்கொண்டு போ."

சோடி சேர்க்கும் நாளில்தான் அண்ணையின் முழுத் திறமையும் வெளிப்படும். கும்பிடுபூச்சிகளில் இந்த இனம் கொஞ்சம் சாது. பலதை ஒரே பெட்டியில் விடலாம். என்றாலும் பெண்ணுக்கு முதலில் வயிறு நிறையக் கொடுப்பார். பசியோடு இருந்தால் மாப்பிள்ளையே பந்தியாகிவிடலாம். சொந்த மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது இவ்வளவு கவனம் எடுத்தாரோ தெரியாது. பூச்சி தோல் கழற்றத் தலைகீழாய்த் தொங்கும் நாளில் வீட்டில் யாரும் கதவை அடித்துச் சாத்தக் கூடாது.

வேலியில் ஒன்று அகப்பட்டால் போத்தலும் கையுமாய் நிற்பார். அப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாமியின் பேரன் குறுக்கே வருவான்: "அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகேலாது, மாமா. 1937ஆம் ஆண்டிலயே தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் வந்திட்டுது."

அண்ணை போத்தலை மூடுவார். மாமிதான் விடமாட்டார்.

"நாட்டை விட்டுப் போகேலாது எண்ட சட்டம் பூச்சிக்கு மட்டுமோடா? பெடியளுக்கு ஒண்டும் போடேல்லையோ?"