வார விடுமுறையும் வீணையும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைப்படி, பயிற்சி மருத்துவருக்கு வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு. பணி அவசரத்துக்கு உட்பட்டு. ஆஸ்பத்திரியில் பணி அவசரம் இல்லாத நாளைப் பஞ்சாங்கத்தில்தான் தேட வேண்டும். ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் தற்செயல் விடுப்பும் உண்டு. முதலாண்டு மாணவர் தாராளமாகக் கேட்கலாம். கேட்பதற்குத் தடையேதும் இல்லை.

பொழுதுபோக்கா? அதுவும் உண்டு. வீணை கற்றவர் விடுதி அறையில் அதன்மேல் வெள்ளைக் கோட்டைக் காயப்போடுகிறார். கிரிக்கெட் பிரியருக்கு ஸ்கோர் தெரிவது, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் நோயாளி சொல்லித்தான். அம்மா போனில் “சாப்பிட்டியாடா?” என்றால், எந்த வேளையைக் கேட்கிறார் என்று விளங்காமலே “ஆச்சும்மா” என்கிறார்கள்.

உறவினர்கள் விடுவார்களா? “சாய் பல்லவி டாக்டருக்குப் படிச்சுக்கிட்டேதானே ‘பிரேமம்’ நடிச்சாங்க?” நடித்தார்தான், ஜார்ஜியாவில் படித்தபோது, விடுமுறையில். அங்கே விடுமுறை என்றால் விடுமுறை போலிருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ்கூட மாஸ்கோவில் மருத்துவம் படித்தபடியே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகளாக எழுதித் தள்ளினார். அது பொழுதுபோக்கல்ல, குடும்பச் செலவுக்கு. நம்மவரும் இரவெல்லாம் எழுதுகிறார், டிஸ்சார்ஜ் சம்மரி. கையெழுத்து மட்டும் பேராசிரியருடையது.