தாமத சாஸ்திரம்: அமெரிக்கத் தோட்ட ரயில்வேக்களில் வண்டி நடத்தும் முறை குறித்த ஓர் ஆராய்ச்சி

ரயில்வே என்னும் ஸ்தாபனம் தோன்றிய நாள் முதலாகத் தாமதத்தை ஒழிப்பதற்கென்றே அளவிறந்த பொருளும் எத்தனையோ இஞ்சினீயர்களின் ஆயுளும் செலவாகி வந்திருப்பதை யாவரும் அறிவர். அப்படிப்பட்ட தாமதத்தை வேண்டுமென்றே விளைவித்து, விளைந்ததைப் பலர் கூடியிருந்து அனுபவிக்கின்ற ரயில்வே ஒன்றும் இவ்வுலகில் உண்டு என்பதும், அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீட்டுப் புழக்கடைகளில் ரோஜாப் பாத்திக்கும் தக்காளிச் செடிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் நம்மவர் பலருக்குத் தெரியாத செய்திகள். அவ்வறியாமையைப் போக்குவதே இந்நூலின் பிரயோஜனம். இதைக் கற்பதற்கு அதிகாரி, ஓய்வான சனிக்கிழமையும் சற்றே உறுதியான முழங்காலும் வாய்க்கப் பெற்றவன்.

முதலில் லட்சணம். தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே 45 மில்லிமீட்டர் அகலம் விட்டு, வெட்ட வெளியில், மண்ணின் மீதோ ஜல்லியின் மீதோ இடப்பட்ட பாதையில் ஓடும் மாதிரி ரயிலே தோட்ட ரயில்வே எனப்படும். 1968-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமான் நிறுவனத்தார், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத பெரிய ரயில் ஒன்றை எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்டதிலிருந்து இந்த மார்க்கம் பரவலாயிற்று. அவர்கள் மீட்டர் கேஜ் வண்டியை 22.5-இல் ஒரு பங்காகக் குறுக்கினார்கள். ஆகையால் நம் நீலகிரி மலை ரயிலையும் அதே கணக்கில் குறுக்கினால் அப்பாதையில் ஏறக்குறையப் பிசகின்றி வந்து உட்காரும். மூன்றடி கேஜை வழிபடும் அமெரிக்கர்கள் 20.3-இல் ஒரு பங்கு என்பார்கள். 1,435 மில்லிமீட்டர் கொண்ட பொதுப் பாதையை வழிபடுவோர் 32-இல் ஒரு பங்கு என்பார்கள். 29-இல் ஒரு பங்கு என்னும் மூன்றாவது மதமும் உண்டு; அதைச் சேர்ந்தவர்களே அங்கு அநேகர். 45-ஐ 29-ஆல் பெருக்கினால் 1,305 தான் வருகிறதே, மீதி 130 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று வினவுகிறவர், அடுத்த முறை அழைக்கப்படாதவராகி விடுகிறார். ஆதலின் நாமும் வினவாது மேலே செல்வோம்.

இனி, சாஸ்திரத்துக்கு மூலாதாரமான சங்கடம். உலகத்து மைல் ஒன்று, 22.5 கணக்கில், 71.5 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மனைவியின் சம்மதத்தோடு கைப்பற்றக்கூடிய நிலப்பரப்பு முழுவதிலும் வளைத்து வளைத்துப் பாதை போட்டாலும் ஒன்றிரண்டு மைலுக்கு மேல் தேறுவது அபூர்வம். சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி, மலை தாண்டி, நதி தாண்டி, துறைமுகம் வரையில் செல்வதாகப் பலகையில் எழுதப்பட்டிருக்கும் கூட்ஸ் வண்டியானது, மணிக்கு 30 மைல் என்னும் மிதமான வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வீதம் ஓடினாலும், இரண்டே நிமிஷத்தில் ஒரு மைலைக் கடந்து ஜன்ம சாபல்யம் அடைந்துவிடும். அதன் பிறகு, அதை ஓட்டுவதற்கென்றே வெகுதூரம் காரில் வந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு கனவான்கள் என்ன செய்வது?

வண்டியை வட்டமாகச் சுற்றவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பர் ஒரு சாரார். இவர்களைச் சுற்றுவாதிகள் எனலாம். மனத்துக்குச் சாந்தி தரும் கொள்கையே. ஆயினும் ஆராய்ச்சிக்கு இடம் தராத கொள்கை. மற்றொரு சாரார், வண்டி என்றால் அதற்கு ஒரு காரியம் வேண்டும், காரியம் என்றால் அதற்கு ஓர் உத்தியோகஸ்தன் வேண்டும், உத்தியோகஸ்தன் என்றால் அவனைத் தடுப்பதற்கு ஒரு விதி வேண்டும் என்று படிப்படியாக அநுமானித்து, ஆபரேட்டிங் செஷன் என்னும் மகாயக்ஞத்தை நிறுவினார்கள். வாரம் முழுவதும் மேலதிகாரியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சம்பளம் வாங்கியவர்கள், விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் உத்தரவுக்குக் கட்டுப்படுவதற்காகக் கூடும் இதில், ஒருவர் டிஸ்பாட்சர், ஒருவர் யார்டு மாஸ்டர், மற்றவர்கள் வண்டிக்கு இருவராக இஞ்சின் டிரைவரும் கண்டக்டரும் ஆவர்.

இதற்கு ஆசாரியராகக் கொள்ளத்தக்கவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் டெல்டா லைன்ஸ் என்ற மாதிரி ரயில்வேயை வீட்டுக்குள் நடத்திய ஃபிராங்க் எல்லிஸன். 1944-இல் ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையில் எழுதிய தொடரில் அவர், பாதையை நாடக மேடையாகவும் வண்டிகளை நடிகர்களாகவும் கால அட்டவணையைக் கதையாகவும் வைத்துப் பேசினார். நாடகத்துக்குச் சிக்கல் இன்றியமையாதது. ஒற்றைப் பாதை ரயில் நாடகத்திலோ ஒரு வண்டி இன்னொரு வண்டிக்காகக் காத்து நிற்பதைத் தவிர வேறு சிக்கல் இல்லை. ‘க்ராஸிங்குக்காக நிற்கிறது’ என்று நம் நாட்டுப் பிரயாணிகள் நடுக்காட்டில் பெருமூச்சுடன் சொல்லிக்கொள்ளும் அதே நிலையை அடைவதற்குத்தான் அமெரிக்கர்கள் இவ்வளவு பிரயத்தனம் செய்கிறார்கள்.

தாமதத்தை உண்டாக்கும் கருவிகளுள் முதலாவது ஃபாஸ்ட் கிளாக். இது மற்றக் கடிகாரங்களைக் காட்டிலும் ஆறு மடங்கோ நான்கு மடங்கோ விரைந்து ஓடும். ஆறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இரண்டு நிமிஷப் பிரயாணம் பன்னிரண்டு நிமிஷமாகிவிடுகிறது. கடிகாரத்தை வேகப்படுத்தி வண்டியை மெதுவாக்கிய இந்த யுக்தியை எந்த தேசத்து ரயில்வே மந்திரியும் இதுவரை பிரயோகிக்கவில்லை. வீட்டுக்குள்ளாயின் விளக்கைக் குறைத்து இரவு செய்துகொள்ளலாம். தோட்டத்தில் சூரியன் அந்தக் கடிகாரத்தை அங்கீகரிப்பதில்லை. காலை பத்து மணிக்கு, விடியற்காலை ஆறு என்று வைத்துத் தொடங்கினால், உச்சி வேளையில் மாலை ஆறும், பகல் ஒரு மணிக்கு நடுநிசியும் ஆகிவிட, மண்டையைப் பிளக்கும் வெயிலில் தொப்பியணிந்த டிரைவர் ராத்திரி எக்ஸ்பிரஸின் முன்விளக்கை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். எவரும் சிரிப்பதில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது கருவி கார்டு. 1961-இல் டக் ஸ்மித் என்பவர் விளக்கி எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு வாகனுக்கும் ஒரு கார்டும், அந்தக் கார்டில் செருகிய வேபில்லும் உண்டு. அவ்வேபில் சொல்லும் ஊரில், சொல்லும் தொழிற்சாலை வாசலில் அந்த வாகனைக் கொண்டுபோய் விட வேண்டும். வாகனுக்குள் ஒன்றுமில்லை, கோதுமை முழுவதும் காகிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதக் கோதுமையை இறக்குவதற்காக, முன்னால் நிற்கும் நான்கு வாகன்களை வெளியே இழுத்து, ஐந்தாவதைக் கழற்றி, புதியதை உள்ளே தள்ளி, நான்கையும் பழையபடி நிறுத்த வேண்டியிருப்பதால், கண்டக்டரானவர் ஒரு கையில் கப்ளிங்கை விடுவிக்கும் மூங்கில் குச்சியும் மறு கையில் கார்டுக் கட்டுமாக மண்டியிட்டு அரை மணி நேரம் ஷண்டிங் செய்கிறார். அந்நேரத்தில் காற்று வீசினால் கோதுமை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகையால் விவேகிகள் கார்டுகளுக்குக் கிளிப் மாட்டுகிறார்கள்.

எனினும் இவையிரண்டும் விதி நூலுக்கு முன்னே அற்பமானவை. அமெரிக்க ரயில்வேக்களின் பழைய விதிகளின்படி ஒரு வண்டி மற்றொன்றுக்கு மேலானதாவது உரிமை, வகுப்பு, திசை ஆகிய மூன்றால். வகுப்பையும் திசையையும் கால அட்டவணை வழங்கும். உரிமையை டிஸ்பாட்சரின் எழுத்து மூலமான ஆர்டர் வழங்கும். உரிமை மற்ற இரண்டையும் வெல்லும். தாழ்ந்த வண்டி, மேலான வண்டி வரவேண்டிய நேரத்துக்குக் குறைந்தது ஐந்து நிமிஷம் முன்னதாக ஸைடிங்கில் ஒதுங்கி வணக்கமாய் நிற்க வேண்டும். மேலான வண்டி வராவிட்டால்? நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மட்டுமே, கால அட்டவணையில் இடம்பெற்ற ஒழுங்கு வண்டியானது தன் உரிமையை இழக்கும் என்பது 82-ஆம் விதி. ஃபாஸ்ட் கிளாக்கின் ஆறு மடங்குக் கணக்கில் அது இரண்டு மணி நேரம். அதாவது, ஆர்டர் ஒன்றும் வராத பட்சத்தில், தாழ்ந்த வண்டியின் டிரைவர் செம்பருத்திச் செடியின் ஓரமாக இரண்டு மணி நேரம் நிற்பதற்குச் சட்டப்படி பாத்தியதை உடையவர்.

இந்தப் பிடிவாதத்துக்குச் சரித்திர ஆதாரமும் இருக்கிறது. 1851-இல் ஈரி ரயில்வேயின் சூப்பரின்டென்டென்ட் சார்லஸ் மினாட், எதிர் வண்டிக்காகத் தம் வண்டி சும்மா நிற்பதைச் சகிக்காமல், தந்தியடித்து எதிர் வண்டியை முன்னால் ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவைத்துவிட்டு, தம் வண்டியை எடுக்கச் சொன்னார். டிரைவரோ தந்தியை நம்பி உயிரைப் பணயம் வைக்க மறுத்துவிட்டார். மினாட் தாமே இஞ்சினில் ஏறி ஓட்டினார். டிரைவர், மோதினால் சேதம் மிகக் குறைவாயிருக்கும் என்ற கணக்கில், கடைசிப் பெட்டியின் கடைசி ஆசனத்தில் போய் உட்கார்ந்தாராம். தந்தி வழி ஆர்டர் பிறந்த கதை இதுவே. பிற்காலத்தில் அந்த ஆர்டர்களுக்குப் படிவங்கள் ஏற்பட்டன: 31-ஆம் எண் படிவத்தைக் கையெழுத்திட்டுப் பெற வேண்டும், 19-ஆம் எண் படிவத்தை ஓடும் வண்டியிலிருந்தே வளையத்தில் கைநுழைத்துப் பெறலாம். நம் ஊர் ஸ்டேஷன்களில் டோக்கன் வளையம் கைமாறிய காட்சியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். தோட்டத்து டிஸ்பாட்சர் பெரும்பாலும் வண்டிகள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, கராஜிலோ சமையலறை மேஜையிலோ அமர்ந்து, வாக்கி டாக்கி மூலம் இவற்றை வழங்குகிறார். பிரத்தியட்சத்தைப் பார்த்தால் பிரமாணத்தில் நம்பிக்கை குறைந்துவிடும் அல்லவா?

இங்கேதான் நம் ஆராய்ச்சியின் புதிய பங்களிப்பு வருகிறது. உரிமை, வகுப்பு, திசை என்னும் மூன்றோடு நான்காவதாக உயிர் என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது நம் துணிபு. தண்டவாளத்தின் மீது வாதுமைக் கொட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும் அணில், முதல் வகுப்பு எக்ஸ்பிரஸுக்கும் மேலானது. அதற்கு 19-ஆம் எண் படிவமும் செல்லாது, 31-ஆம் எண்ணிலோ அது கையெழுத்திடாது. நத்தை அணிலினும் மேலானது, என்னை? நசுங்கிய பிறகும் அது தண்டவாளத்தை வழுக்கச் செய்து ஏற்றத்தில் இஞ்சினைத் தடுக்கவல்லது. உதிர்ந்த இலைக்கும் ஊசியிலைச் சருகுக்கும் உயிரில்லையே எனின், அவை இருந்த உயிரின் பிரதிநிதிகளாகக் கொள்ளப்படும். சூரியனோ தனி வகுப்பு: முப்பது மீட்டர் நீளப் பித்தளைத் தண்டவாளம் முப்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளும், இணைப்பில் இடைவெளி விடாதவர் பாதை பாம்பாக வளைந்து பாத்திக்குள் இறங்கும். வீட்டுக்குள் ரயில் விடுவோர் எவ்வளவோ விதிகளை எழுதி, எவ்வளவோ கார்டுகளை அச்சிட்டு உண்டாக்கும் தாமதத்தைத் தோட்டமானது ஒரு காசு செலவின்றி அருளுகிறது.

பித்தளை கறுத்து மின்சாரம் தடைப்படுவதால் பாதையைத் தேய்த்துக்கொண்டே வாழ்வோர் ஒரு மதம். அதற்கு அஞ்சி இஞ்சினுக்குள்ளேயே பாட்டரியும் ரேடியோவும் வைத்தோர் மறு மதம். மெய்யான நீராவி இஞ்சின்காரர்கள் இவ்விருவரையும் இகழ்வார்கள். நெருப்பு மூட்டிய பின் கொதிகலன் எவருக்காகவும் காத்திராது என்பதால் க்ராஸிங் என்பது அவர்களுக்குப் பிடிக்காத சொல்.

இவையெல்லாம் குழந்தை விளையாட்டல்லவா என்பது பூர்வபட்சம். அன்று. ரயில் பொம்மையை வைத்திருக்கும் குழந்தை அதை உடனே ஓட்டும். ஐந்து நிமிஷம் முன்னதாக ஒதுங்கி நின்ற குழந்தையை உலகம் கண்டதில்லை. அன்றியும், நீராவி இஞ்சின்களை முன்சக்கரம், இயக்குச் சக்கரம், பின்சக்கரம் என்று எண்ணி எழுதும் ஒயிட் முறையில், தடம் புரண்ட வாகனை வானத்திலிருந்து இறங்கித் தூக்கி வைக்கும் மனிதக் கைக்கு 0-5-0 என்று அமெரிக்கர் பெயரிட்டிருக்கிறார்கள். தன் கைக்கே வகை எண் கொடுக்கும் காரியம் முதிர்ந்தோருக்கே கைகூடும். அந்த 0-5-0 எந்த வகுப்பைச் சேர்ந்தது, எதிர்ப்படும் வண்டிக்கு ஒதுங்க வேண்டுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

எஞ்சியிருப்பது மத்தியானச் சாப்பாடு பற்றிய தர்மசங்கடம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க ஒரு மணி நேரம் சாப்பிட்டால் ரயில்வேயில் ஆறு மணி நேரம் கழிந்துவிடும். பேச்சு ருசித்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டாலோ, 82-ஆம் விதிப்படி ஒழுங்கு வண்டிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் உரிமை இழந்து, டிஸ்பாட்சர் எல்லாவற்றுக்கும் புதிதாக ஆர்டர் எழுத நேரிடும். ஆகையால் சாண்ட்விச் வெளியே வந்தவுடன் முதற்காரியமாக ஃபாஸ்ட் கிளாக்கை நிறுத்திவிட வேண்டும். ஸைடிங்கில் நிற்பவர் மட்டும், அது நிறுத்தப்பட்டதாகத் தமக்கு எழுத்து மூலம் ஆர்டர் வரும் வரையில், தட்டை நின்றபடியே வாங்கிக்கொள்வார்.